இரண்டாண்டுப் படிப்புக்கு மலையில் என்ன மதிப்பு?

லுணுகலையில் பஸ் ஏறினால் பசறை வழியாகப் பதுளைக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு. நகரத்துக்குள் நுழையுமுன், பசறை வீதியிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அடாவத்தையிலும் ஹொப்டனிலும் மடூல்சீமையிலும் நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டித்தான் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே இறங்குகிறவர்கள் மிகச் சிலர்.

தேயிலையைப் பற்றிப் படிக்க விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் எட்ட வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை சாதாரண தரத்தோடு முடிந்துவிடுகின்றன. உயர்தரம் இருக்கும் இடங்களிலும் கலைப்பிரிவே அதிகம். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் பதுளை சரஸ்வதி போன்ற நகரப் பாடசாலைக்கு வர வேண்டும். வந்தால் போர்டிங் செலவு, டியூஷன் செலவு, பஸ் செலவு. லயத்து வருமானத்தில் இவை மூன்றும் சேர்ந்து அடங்குவது கடினம். நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. பதுளை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை மாவட்டத்துக்கு உரியது. மாவட்டத்துக்குள் இருக்கும் தோட்டத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை.

எனவே பஸ் பல்கலைக்கழகத்தைத் தாண்டி நகரத்துக்குள் போகிறது. அங்கே இறங்கும் பிள்ளைகளில் சிலர் 'டெக்' என்று எல்லோரும் சொல்லும் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் 'ஏ.ரி.ஐ.' என்கிற உயர் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு. சிலர் கையில் ஃபைலோடு கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. பட்டமும் இல்லாமல் கொழுந்துக் கூடையும் இல்லாமல், நடுவில் இரண்டு வருடம் படித்து ஒரு டிப்ளோமா வாங்கினால் ஊவா மலையில் என்ன வேலை கிடைக்கும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெற்றிடத்தை எண்ணி, ஆளைத் தெரிந்து, அதன்பிறகு பயிற்சி கொடுத்த இடங்களில் டிப்ளோமா உத்தியோகமாக மாறியிருக்கிறது. முதலில் பயிற்சி கொடுத்துவிட்டு வெற்றிடத்தை நீயே தேடிக்கொள் என்று அனுப்பிய இடங்களில் அது ஃபைலுக்குள் கிடக்கிறது. பாடத்திட்டம், வருடக் கணக்கு, ஆங்கிலம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

'இரண்டு வருடப் படிப்பு' என்று இலங்கையில் ஒரே பெயரில் ஒன்று இல்லை என்பதே முதல் குழப்பம். அமெரிக்காவில் 'அசோசியேட் டிகிரி' என்றால் எல்லோருக்கும் விளங்கும்; 1901இல் இலினொய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியை அந்த மரபின் மூத்த பிள்ளையாகச் சொல்வார்கள். இங்கே 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்தைப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரியும். ஒரு வருட முழுநேரப் படிப்பு 30 திறமைப் புள்ளி. டிப்ளோமாவுக்கு 30, உயர் டிப்ளோமாவுக்கு 60, சாதாரணப் பட்டத்துக்கு 90. அந்தக் கணக்கில் இரண்டு வருடம் படித்தவர் உயர் டிப்ளோமாக்காரர், பட்டத்துக்கு ஒரே ஒரு படி கீழே நிற்பவர். இதற்குப் பக்கத்தில் இன்னோர் ஏணி இருக்கிறது: என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமை. அதில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்து டிப்ளோமா, ஆறு உயர் டிப்ளோமா, ஏழு பட்டம். பதுளை டெக்கில் படிப்பவர் இந்த ஏணியில் ஏறுகிறார், ஏ.ரி.ஐ.யில் படிப்பவர் மற்ற ஏணியில். இரண்டும் ஒரே சுவரில்தான் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஆளெடுக்கும் கம்பனி மேலாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. தோட்டத்துப் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: "இது கவர்மெண்ட் வேலைக்குச் செல்லுமா?"

அந்தக் கேள்வியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. 1964இல் இந்தியாவோடு செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரண்டு பக்கமும் பிரித்தது. எஞ்சியிருந்த பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களோடுதான் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில். அதுவரை தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் பல இடங்களில் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. ஆகவே அரச நியமனக் கடிதம் என்பது இங்கே சம்பளத்தை மட்டும் குறிப்பதில்லை. அரசாங்கம் ஒருவரின் பெயரைச் சரியாக எழுதி அனுப்பிய முதல் தபால் அது. அந்தத் தபால் முதன்முதலில் பெருந்தொகையாக வந்தது ஆசிரியத் தொழில் வழியாக.

மலையகத்தில் இரண்டு வருடப் படிப்பு நிச்சயமாக வேலை தந்த இடம் எது என்று கேட்டால் கல்வியியற் கல்லூரி என்றுதான் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இக்கல்லூரிகள் நாட்டில் ஏறத்தாழ இருபது இருக்கின்றன. அவற்றில் மலையகத்துக்கு நெருக்கமானது பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை மனத்தில் வைத்து, ஜெர்மன் அரசின் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. படிப்பின் அமைப்பைக் கவனியுங்கள்: இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, முடிவில் கற்பித்தல் தேசிய டிப்ளோமா, அதன்பின் நியமனம். ஆளெடுப்பதே பாடவாரியாக, மொழிவாரியாக. கணிதத்துக்கு இத்தனை, ஆரம்பக் கல்விக்கு இத்தனை என்று எண்ணித்தான் உள்ளே எடுக்கிறார்கள். நியமனம் சில தொகுதிகளுக்குத் தாமதமானதுண்டு. ஆனால் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு வேலை தேடி அலையும் கூட்டம் என்று ஒன்றை அந்த முறை உருவாக்கவில்லை.

இதன் விளைவை லுணுகலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் ஓய்வறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே பார்க்கலாம். அம்மா கொழுந்து எடுத்தவர், மகள் டீச்சர். ஒரே தலைமுறையில் லயத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு. மலையகத்தில் நடுத்தர வர்க்கம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு இந்த டிப்ளோமாவின் மேல் கட்டப்பட்டது. அதற்கு ஒரு விலையும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டீச்சராக வேண்டும் என்பது ஊரின் ஒரே கனவாகிவிட்டது. சர்வேயர், லேப் டெக்னீஷியன், குளிரூட்டி திருத்துபவர் என்று யாரும் கனவு காண்பதில்லை. கண்ட கனவுக்குப் பாலம் போட ஆளில்லாதபோது காண்பதெப்படி என்றும் கேட்கலாம்.

'வேலை முதலில், பயிற்சி பிறகு' என்ற வரிசையும் எப்போதும் நியாயமாக நடந்ததில்லை. 2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,179 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க வர்த்தமானி வெளியானது. உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள் விண்ணப்பித்தார்கள். நியமனம் கிடைத்த பிறகு ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் எடுப்பார்கள். அதுவரை மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். இந்தத் தொகையைத் தோட்டத்துக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அப்போது நடப்பிலிருந்த 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி ஒரு தொழிலாளியின் நாட்சம்பளத்தில் அடிப்படை மட்டும் 450 ரூபாய். பதின்மூன்று, பதினான்கு நாள் பேர் விழுந்தால் அம்மாவின் கணக்கில் அந்த ஆறாயிரம் சேர்ந்துவிடும். மகன் சட்டையை அயர்ன் பண்ணி மாதம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கியதும் அதே ஆறாயிரம். பஸ் காசும் வெண்கட்டித் தூசும் அவன் கணக்கு. பிறகு கொடுப்பனவு 10,000 ஆக உயர்ந்தது; அதற்கும் பல போராட்டங்கள் தேவைப்பட்டன. கலாசாலைக்குப் போய் இரண்டு வருடம் முடித்தவர்கள் இன்று நிரந்தர ஆசிரியர்கள். இடையில் களைத்துக் கொழும்புக்குப் போனவர்களும் உண்டு. வரிசை சரியாக இருந்தும் சம்பளத்தைச் சரியாக வைக்காததால் நேர்ந்தது இது. அதே காலத்தில் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆசிரியரை அனுப்ப யாருக்கும் துணிவு வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இனி ஏ.ரி.ஐ. பக்கம் வருவோம். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 2001இல் இன்றைய பெயரைப் பெற்ற இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளை பதுளையில் இருக்கிறது. உயர் தேசிய டிப்ளோமா, சுருக்கமாக எச்.என்.டி. தகவல் தொழில்நுட்பம் என்றால் இரண்டரை வருடம், அதில் கடைசி ஆறு மாதம் நிறுவனப் பயிற்சி. கணக்கியல் என்றால் நான்கு வருடம். பாடமொழி ஆங்கிலம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இல்லாமல் பல தவணைகள் கடந்த பிள்ளை, முதல் நாளே ஆங்கிலத்தில் கணக்கியல் கேட்கிறது. முதல் வருடத்தில் பாடத்தோடு மொழியையும் சேர்த்துப் படிப்பவர்கள் இவர்கள்தான். அதற்கு யாரும் திறமைப் புள்ளி கொடுப்பதில்லை.

முடித்து வெளியே வந்தால்? இங்கே எச்.என்.டி. கணக்கியல் மாணவர்களின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990இல் வந்த அரச நிர்வாகச் சுற்றுநிருபம் ஒன்று அந்த டிப்ளோமாவை வணிகமாணிப் பட்டத்துக்கு நிகராக ஏற்றிருந்தது. பின்னால் அந்த ஏற்பு விலக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கேட்டு 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பு வார்ட் பிளேஸில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முன்னால் மாணவர்கள் கூடினார்கள். பொலிஸ் நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் தடியும் பிரயோகித்தது. மாணவிகள் அடிபடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அன்று தெருவில் நின்றவர்கள் சம்பள உயர்வு கேட்கவில்லை. சேரும்போது இருந்த மதிப்பை முடிக்கும்போதும் தரச் சொன்னார்கள். ஒரு பக்கச் சுற்றுநிருபம் நான்கு வருடப் படிப்பின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமென்றால், இரண்டு வருடப் படிப்பை நம்பிக் கடன் வாங்கிய குடும்பம் எதைப் பிடித்துக்கொள்வது?

2020இல் அரசு வேலையற்ற பட்டதாரிகளைப் பெருந்தொகையாகப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது அங்கீகரிக்கப்பட்ட டிப்ளோமா வைத்திருந்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. பயிற்சிக் காலக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அந்த வாசல் சிலருக்கு உதவியது. ஆனால் அது தேர்தல் காலத்தில் திறந்து பொருளாதார நெருக்கடியோடு மூடிய வாசல். 2022க்குப் பிறகு அரச சேவையைச் சுருக்குவதே பேச்சாகிவிட்டது.

அமெரிக்கக் கணக்கு ஒன்றை இங்கே வைத்துப் பார்ப்பது பயன்படும். அந்நாட்டுத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் 2023க்குச் சொன்ன இடைநிலை வாரச் சம்பளம்: உயர்பள்ளி மட்டும் முடித்தவருக்கு 899 டொலர், இரண்டாண்டுப் பட்டம் உள்ளவருக்கு 1,058, நான்காண்டுப் பட்டதாரிக்கு 1,493. இரண்டு வருடத்துக்கு ஏதோ லாபம் இருக்கிறது, ஆனால் பெரிய பாய்ச்சல் அடுத்த இரண்டு வருடத்தில். இந்த இடைநிலை எண்களுக்குள்ளே ஒளிந்திருப்பது வேறு. இரண்டாண்டுப் படிப்போடு பட்டதாரியைவிட அதிகம் வாங்குபவர்கள் அங்கே இருக்கிறார்கள்: பல் சுகாதாரப் பணியாளர், கதிர்ச் சிகிச்சைப் பணியாளர் போன்றவர்கள். அந்த வேலைகளுக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு அந்தக் குறிப்பிட்ட படிப்பு வேண்டும். பொதுவான கலைப்பாடங்களில் வாங்கிய இரண்டாண்டுப் பட்டத்துக்கு அந்தக் காவல் கிடையாது. பத்தனைக் கல்லூரியின் டிப்ளோமாவுக்கும் வெறும் கம்ப்யூட்டர் டிப்ளோமாவுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் இதுவே. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்த பிள்ளை நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்காவிட்டாலும் படிப்பு வீணாகாது. இங்கே அதற்கு நிகரானது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரத்மலானையில் உருவான யுனிவொடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம். என்.வி.கியூ. ஐந்தாம் மட்டத்தோடு அங்கே பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். லுணுகலையில் இது தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று டவுனில் நின்று விசாரித்துப் பார்க்கலாம்.

நான் வியக்கும் இன்னொரு விஷயம் தோட்டம். வேலை வாய்ப்பு என்றதும் எல்லோரும் பதுளையையும் கொழும்பையும் பார்க்கிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே டிப்ளோமாவுக்குப் பொருத்தமான உத்தியோகங்கள் இருக்கின்றன: வெளிக்கள உத்தியோகத்தர், கணக்கப்பிள்ளை, ஸ்டோரில் டீமேக்கர், ஒபீஸில் கிளாக்கர், பிள்ளைக்காம்பராவில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். இவர்களைப் பயிற்றுவிக்கவே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் அமைந்தது, அதுருகிரியவில் இருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபின் உத்தியோகத்தர் தொகையைச் சுருக்கினார்கள். மிச்சமிருப்பதிலும் லயத்துப் பிள்ளை எளிதில் போய் உட்கார முடிவதில்லை. ஒரு பக்கம், தன் அப்பாவை வேலை வாங்கும் நாற்காலியில் தொழிலாளியின் மகனை உட்காரவைக்கக் கம்பனிக்குத் தயக்கம். மறுபக்கம், படித்தும் மலைக்கே திரும்பினால் "இதுக்கா படிச்ச?" என்ற ஊரின் கேள்வி. இரண்டாவதுதான் கடினமானது. படித்த பிள்ளை தோட்டத்தை விட்டு ஓடுகிறது என்று துரைமார் குறைபட்டுக்கொள்வார்கள். ஓடாமல் நின்றால் உட்கார என்ன நாற்காலி வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அதனால்தான் வெளிநாடு. ஊவாவிலிருந்து பெண்கள் வீட்டுப் பணிக்கு வளைகுடாவுக்குப் போய் வெகுகாலமாயிற்று. 2019இல் ஜப்பானோடு திறன்சார் தொழிலாளர் உடன்படிக்கை வந்தபின் முதியோர் பராமரிப்பு என்ற சொல் மலைக்கும் வந்திருக்கிறது. அதற்குரிய விசாவுக்குப் பட்டம் கேட்பதில்லை. அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் துறைக்கான மொழிப் பரீட்சையும் துறைத் திறன் பரீட்சையும் போதும். சில மாத மொழிப் படிப்பும் ஒரு பராமரிப்புப் பயிற்சியும் இரண்டு வருட டிப்ளோமாவைவிட வேகமாகச் சம்பளமாக மாறுகிறது. வெற்றிடம் எங்கே எத்தனை என்று முன்கூட்டியே சொல்லி ஆளெடுக்கிற ஏற்பாடு அது. பத்தனையில் பார்த்த அதே வரிசை. வேலை இருக்கும் இடம் மட்டும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

கல்வியியற் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாக மாற்றும் பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. பட்டதாரி ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாற்றும்போது பாடவாரியாக எண்ணி எடுக்கும் அந்தப் பழைய முறையைக் கைவிட்டால், மலையகம் தன்னிடமிருந்த ஒரே நம்பகமான டிப்ளோமாவை இழந்து, வேலையற்ற பட்டதாரிகளின் வரிசையில் இன்னும் சில நூறு பேரைச் சேர்க்கும். அதற்கு மாறாக அந்த முறையை வேறு துறைகளுக்கும் கொண்டுபோக வேண்டும். பதுளை டெக்கிலும் ஏ.ரி.ஐ.யிலும் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் முதல் வருடம் ஒன்று வேண்டும். ஊவாவின் ஆஸ்பத்திரிகளும் தோட்டக் கம்பனிகளும் மாகாணத் திணைக்களங்களும் அடுத்த மூன்று வருட வெற்றிடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஏற்ப ஆளெடுக்க வேண்டும்.

அது நடக்கும்வரை லுணுகலைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். வர்ண நோட்டீஸோடு வந்து டிப்ளோமா தருகிறோம் என்கிற எந்த இடமானாலும், பணம் கட்டுமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பிறகு என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். போன வருடம் இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு இரண்டு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் தர முடியாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.